பூண்டை அழுகவைத்தது யார்? ஒரே பெயரில் இருந்த இரண்டு பாக்டீரியாவும் நான் இழந்த 14 மாதங்களும்

அறுவடை முடிந்து, தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்கிய 19ஆம் நாள் அந்த வாடை வந்தது. பூண்டு வாடை இல்லை. பூண்டு விளைவிப்பவன் மூக்குக்குப் பூண்டு வாடை எட்டவே எட்டாது, பழகிப்போயிருக்கும். இது தேங்கிய தண்ணீரில் ஊறிய தழையின் வாடை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டை உருவி எடுத்தேன். மேல்தோல் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். தோல் கிழியாமலேயே விரல் உள்ளே போனது. பிரித்துப் பார்த்தால், மூன்று பல் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கூழ். அதற்கு அடுத்த பல்லில் ஒரு பாதி கல் மாதிரி வெள்ளை, மறுபாதி கண்ணாடி போல நீர்கோத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த ஆண்டு கொட்டகைக்கு வந்தது ஏறத்தாழ 900 கிலோ. அதில் 340 கிலோவைக் குழிதோண்டிப் புதைத்தேன். மிச்சத்தை, வாடை பிடித்துவிட்டது என்று அரைகுறை விலைக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த நடவுக்கென்று ஒதுக்கிய விதைப்பூண்டும் அதே அடுக்கில்தான் இருந்தது. மறு நடவு கடன் வாங்கித்தான் நடந்தது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். நான் பிழைப்புக்கு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். தினமும் பாக்டீரியாவோடு புழங்குகிறவன். குடிநீரில் கோலிஃபார்ம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவனுக்குத் தன் பூண்டில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதா என்ற இறுமாப்புதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது. இனி எழுதப்போவதில் பாதி, அந்த இறுமாப்பு எப்படி உடைந்தது என்பதுதான்.

முதல் தவறு வயலிலேயே நடந்துவிட்டது. அறுவடைக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே சில செடிகளில் நடு இலை வாடியது. பிடித்து இழுத்தால் அடியோடு கையில் வந்தது, நுனி வழவழவென்று இருந்தது. பூஞ்சை என்று முடிவு கட்டினேன். பூஞ்சைக்கொல்லி மூன்று முறை தெளித்தேன். தெளித்த மருந்து வீண், தெளித்த நாள்களும் வீண். மூன்றாவது தெளிப்புக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஈரத்தோடு பிடுங்கி ஈரத்தோடு அடுக்கினேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அழுகல் எல்லாம் ஒன்றல்ல என்பதை அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் தூரழுகல் பெரும்பாலும் உலர்ந்த அழுகல். பல் சுருங்கிப் பழுப்பாகும், வேர்த்தட்டில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சு படியும். வெள்ளை அழுகல் நோயென்றால் அடியில் வெண்பஞ்சும் அதில் கசகசா அளவில் கறுப்பு மணிகளும் இருக்கும். அதைக் கண்டுவிட்டால் அந்த வயலில் பல ஆண்டுகளுக்குப் பூண்டை மறந்துவிட வேண்டியதுதான். நீலப்பச்சைப் பொடி படர்ந்தால் பெனிசிலியம். தண்டுப்புழு என்று சொல்கிற நூற்புழு தாக்கினாலும் தூர் உப்பி, பஞ்சாகி அழுகும். அந்தக் காயம் வழியே பாக்டீரியா பின்னால் வருவதால் கடைசியில் பார்ப்பவருக்கு பாக்டீரியாதான் தெரியும். பாக்டீரியாவின் அழுகலுக்கு அடையாளம் நீர்கோத்தல், கொழகொழப்பு, வாடை. பஞ்சு இருக்காது. வாடையிலும் வித்தியாசம் உண்டு. வெங்காயத்தில் புளித்த காடி வாடையோடு செதில்கள் அழுகும் நோய்க்குக் காரணமான பர்கோல்டேரியா செபாசியாவை 1950இல் விவரித்தவர் பர்கோல்டர்; பிற்பாடு அந்தப் பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். என் கொட்டகையில் காடி வாடை இல்லை. ஆனால் மூக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது, அது ஒரு துப்பு, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் புதைத்த 340 கிலோவில் ஒரு பங்கு நோயே இல்லை. சில பல்கள் தேன் நிறத்தில், மெழுகு போல, ஒளி ஊடுருவும்படி ஒட்டும்பசையாக இருந்தன. வாடை கிடையாது, தொட்டால் கூழாவதும் கிடையாது. அது மெழுகுச் சிதைவு என்ற உடலியல் கோளாறு. முதிரும் நேரத்தில் கடும் வெயில் அடித்தாலோ, காற்றில்லாத இடத்தில் அடைத்து வைத்தாலோ வரும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, ஒரே பையிலிருந்து மாதிரி எடுத்ததால் முதல் மாதத்து முடிவுகள் எல்லாம் குழம்பிப்போயின.

பாக்டீரியாதானா என்று பார்க்க இரண்டு கண்ணாடித் தம்ளர் போதும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் இடத்திலிருந்து, நெல் அளவு ஒரு துண்டைக் கூரிய கத்தியால் வெட்டித் தெளிந்த நீரில் ஆடாமல் விட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை ஒன்று புகை மாதிரி இறங்கும். அது கோடிக்கணக்கான பாக்டீரியா வெளியேறும் ஊர்வலம். நான் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். மறுநாள்தான் இரண்டாவது தம்ளர் ஞாபகம் வந்தது. நோயில்லாத பல்லையும் வெட்டிப் போட்டேன். அதிலிருந்தும் கொஞ்சம் கலங்கலாகச் சாறு இறங்கியது. நசுங்கிய பூண்டு தானாகவே தண்ணீரைக் கலக்கும். ஆகவே நல்ல பல் ஒன்றைப் பக்கத்தில் போடாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். நல்ல பல்லின் கலங்கல் சட்டென்று கலைந்து ஓய்ந்துவிடும்; நோயுற்றதன் இழை விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து வெளியிலிருந்த ஓர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினேன். நன்றாக அழுகிய பூண்டாகப் பார்த்து, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, வார இறுதிக்கு முந்தைய நாள் அனுப்பினேன். மூன்று நாள் அது எங்கோ வெப்பத்தில் கிடந்தது. போய்ச் சேர்ந்தது பூண்டு அல்ல, சாறு. மூன்று வாரம் கழித்து "கலப்பு பாக்டீரியா வளர்ச்சி, மாதிரி ஏற்புடையதல்ல" என்று ஒரு வரி வந்தது. அவர்களைக் குறை சொல்லப் பயனில்லை. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: அழுகல் தொடங்கிய, பாதியாவது உறுதியாக இருக்கிற செடியை வேரோடு அனுப்புங்கள், ஈரம் துடைத்துக் காகிதத்தில் சுற்றுங்கள், நோயில்லாத செடி ஒன்றையும் தனியாகச் சுற்றிச் சேருங்கள், வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள், குளிர்ச்சியாக இருக்கலாம், உறையக் கூடாது. கூடவே ஒரு தாளில் எப்போது தெரிந்தது, எந்த மருந்து தெளித்தீர்கள், விதை நேர்த்திக்கு எதைப் பூசினீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சரி, நானே பார்க்கிறேன் என்று வேலை முடிந்த பிறகு மாலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். அனுமதி வாங்கித்தான். ஒரு முழுப் பல்லை எடுத்துக் கொஞ்சம் நீரில் நன்றாக நசுக்கி, அந்தக் கரைசலை ஊட்ட அகாரில், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்த்தட்டில், கோடிழுத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் தட்டு கழுவிவைத்தது போல இருந்தது. கூழாகக் கரைந்துகிடக்கிற ஒரு பொருளிலிருந்து ஓர் உயிர்கூட வளரவில்லை என்றால் எப்படி? அகார் கெட்டுவிட்டதா, அடைகாப்புப் பெட்டி பழுதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் ஓட்டினேன். காரணம் என் கையில் மணத்துக்கொண்டிருந்தது. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. 1944இல் காவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைக் கொல்லும் என்று காட்டிய பொருள் அதுதான். நான் நல்ல சதையையும் சேர்த்து நசுக்கியதால், தேடிய கிருமியை நானே கொன்றுகொண்டிருந்தேன். மற்ற காய்களுக்கு எழுதிய செய்முறையைப் பூண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அன்று உறைத்தது.

பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நல்ல சதையே வேண்டாம் என்று அழுகலின் நட்டநடுவிலிருந்து கூழை வழித்துப் பூசினேன். இப்போது தட்டில் திருவிழா. வெள்ளை, மஞ்சள், பால் நிறம், சுருங்கியது, வழிந்தோடியது என்று ஏழு வகைக் காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திட்டுகள். ஏழையும் தனித்தனியாகப் பிரித்துத் தூய்மைப்படுத்தி ஒரு மாதம் போனது. அதில் பெரும்பாலானவை செத்த சதையைத் தின்ன வந்தவை. தீ அணைந்த வீட்டில் கூடியிருக்கிற கூட்டத்தில் தீ வைத்தவனைத் தேடுவது போன்ற வேலை அது. அழுகலை நடத்திக்கொண்டு போகிறவன் முன்னணியில், அந்த மஞ்சள் கோட்டின் ஓரத்தில் இருப்பான்.

கடைசியில் கைகொடுத்த முறை இது. வெளித்தோலை உரித்து, பல்லை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலசினேன். மஞ்சள் கோட்டை ஒட்டி, நீர்கோத்த பக்கத்திலிருந்து கடுகளவு துண்டு மட்டும் எடுத்தேன். நசுக்கவில்லை. 5 மில்லி நீரில் இருபது நிமிடம் சும்மா ஊறவிட்டேன். பாக்டீரியா தானாக வெளியே வரும், அல்லிசின் குறைவாக இருக்கும். பிறகு பத்துக்கு ஒன்று வீதம் நான்கு முறை நீர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் பரப்பி, 28 டிகிரி செல்சியஸில் வைத்தேன். மறுநாள் மாலை இரண்டே வகைக் காலனிகள் திரும்பத் திரும்ப வந்தன. சோதித்த ஏழு பூண்டிலும் அந்த இரண்டுதான்.

அடையாளம் காணும் சோதனைகளில் விலை மலிவானவைதான் எனக்கு அதிகம் உதவின. 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் விட்டுக் காலனியைக் குழைத்து, குச்சியை மெல்ல உயர்த்தினால் கிராம் நெகடிவ் என்ற பெரும்பிரிவைச் சேர்ந்த பாக்டீரியா சளி போல நூலிழுக்கும். இரண்டும் நூலிழுத்தன. அடுத்து ஆக்சிடேஸ்: அந்த நொதி இருந்தால் வினைப்பொருள் ஊதாவாகும், அதுதான் நேர்மறை. இது இரண்டு பெரிய கூட்டங்களைப் பிரிக்கிற மதகு மாதிரி: பெக்டோபாக்டீரியம், டிக்கியா, பாண்டியா ஆகியவை ஆக்சிடேஸ் எதிர்மறை, அழுகவைக்கும் ஒளிரும் சூடோமோனாஸ்கள் பெரும்பாலும் நேர்மறை. எனக்கு எல்லாமே ஊதாவாக மாறியது. எதிர்மறை என்று நன்கு தெரிந்த ஈ கோலை பாக்டீரியாவைப் போட்டேன், அதுவும் ஊதா! ஈ கோலை எந்தக் காலத்தில் ஆக்சிடேஸ் நேர்மறை ஆனது? குற்றவாளி என் கையிலிருந்த நிக்ரோம் கம்பிவளையம். அதிலுள்ள இரும்பு அந்த வினைப்பொருளைத் தானே ஊதாவாக்கிவிடும். பல்குத்தும் மரக்குச்சிக்கு மாறினேன். ஒரு வகை ஊதா, மற்றது நிறமில்லை. விடை தெரிந்த பாக்டீரியா ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் என் வேலையில் புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன்!

ஆக்சிடேஸ் நேர்மறையானதை கிங் பி ஊடகத்தில் வளர்த்துப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். இருட்டறையில் தட்டு முழுவதும் பச்சை கலந்த நீலத்தில் ஒளிர்ந்தது. அழகு என்றால் அப்படியொரு அழகு. 340 கிலோவைத் தின்றது அதுதானோ என்று நினைத்தபோது ரசிக்க முடியவில்லை. இந்த ஊடகத்தை 1954இல் கிங்கும் தோழர்களும் வகுத்தார்கள். இரும்பு குறைவாக இருந்தால் சூடோமோனாஸ் அதைப் பிடித்துவர பயோவெர்டின் என்ற நிறமியைச் சுரக்கும், அதுதான் ஒளிர்கிறது. ஆகவே குழாய்த் தண்ணீரில் ஊடகத்தைக் கலக்காதீர்கள். இரும்பு இருந்தால் ஒளி மங்கும், "இது சூடோமோனாஸ் இல்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். மற்ற வகை ஒளிரவில்லை. காற்றை அடைத்த குழாயிலும் சர்க்கரையை நொதிக்கவைத்தது, ஆக்சிடேஸ் எதிர்மறை, உருளைக்கிழங்கு வில்லையை ஒரே இரவில் கஞ்சியாக்கியது. எல்லாம் பெக்டோபாக்டீரியத்தின் அடையாளம். பழைய நூல்களில் இது எர்வினியா கரோட்டோவோரா என்றிருக்கும். 1901இல் ஜோன்ஸ் என்பவர் கேரட் அழுகலிலிருந்து விவரித்ததால் அந்தப் பெயர். பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டு வெவ்வேறு நோய் என்று எண்ணி நான் ஒரு வாரம் குறிப்பெடுத்திருக்கிறேன்.

ஒளிர்ந்த வகையும் உருளைக்கிழங்கை அழுகவைத்தது, கொஞ்சம் மெதுவாக. எனவே இரண்டில் எது பூண்டைக் கெடுத்தது என்று தெரியவில்லை. இரண்டையும் மரபணு வரிசை பார்க்க அனுப்பினேன். பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16 எஸ் மரபணுவின் ஏறத்தாழ 1,500 எழுத்துகள் வந்தன. பெக்டோபாக்டீரியம் எதிர்பார்த்ததுதான். ஒளிர்ந்ததற்கு எதிரே "சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ், 99 சதவீத ஒற்றுமை" என்று இருந்தது.

அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. ஏனென்றால் நான் நடவின்போது விதைப்பற்களில் பூசிய உயிரியல் கட்டுப்பாட்டுப் பொடியின் உறைமேல் அச்சிட்டிருந்த பெயர் அதேதான். நோய் வராமல் இருக்கக் காசு கொடுத்து வாங்கி, தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு பல்லாகப் பூசியதே நோயைத்தானா? அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் மிச்சமிருந்த பொடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அதோடு நிற்காமல், எனக்குத் தெரிந்த இரண்டு பூண்டு விவசாயிகளிடம் போய், "அண்ணே, அந்தப் பொடியைத் தொடாதீர்கள், அதுதான் அழுகவைக்கிறது, ஆதாரம் என் கையில் இருக்கிறது" என்று அறிக்கைத் தாளைக் காட்டிவிட்டு வந்தேன். அடுத்த நடவு முழுவதும் பொடி இல்லாமலே போட்டேன். ஒரு பருவம். ஒரே ஒரு தாளை நம்பி.

தாளில் பொய் எதுவும் இல்லை, அதை நான் படித்த விதத்தில்தான் கோளாறு. சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்பது ஓர் ஆளின் பெயர் என்பதைவிட ஒரு குலத்தின் பெயர் என்பதே பொருத்தம். வேரைக் காப்பவையும் இலையை அழுகவைப்பவையும் அந்தக் குலத்தில் உண்டு. காய்கறிகளை அழுகவைக்கும் சூடோமோனாஸ் மார்ஜினாலிஸ் இதற்கு நெருங்கிய உறவு. பிரான்சில் பூண்டின் தாளைப் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாற்றும் நோய்க்குக் காரணமான சூடோமோனாஸ் சலோமோனியும் ஒளிரும் சூடோமோனாஸ்தான். அதை 2002இல்தான் தனி இனமாக விவரித்தார்கள். இந்தக் கூட்டத்துக்குள் 16 எஸ் மரபணு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 99 சதவீதம் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். இங்கே அது "இந்தத் தெருவில் குடியிருக்கிறான்" என்று சொல்வதற்குத்தான் காணும், வீட்டு எண்ணுக்குக் காணாது. இனத்தைப் பிரிக்க ஜைரேஸ் பி, ஆர்பிஓ பி போன்ற மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுப்பும்போதே அதைக் கேட்டு அனுப்புங்கள்.

ஆனால் நான் அதற்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது நூற்றாண்டு பழைய வேலை: பிரித்த கிருமியை நல்ல பல்லில் ஏற்றி, அதே அழுகல் வருகிறதா என்று பார்த்து, அதிலிருந்து அதே கிருமியை மீண்டும் எடுப்பது. கோக் வகுத்த விதி. அந்தச் சோதனையையும் முதல் தடவை கெடுத்தேன். ஒவ்வொரு கிருமிக்கும் ஐந்து பல். குச்சியைக் காலனியில் நேராகத் தோய்த்துக் குத்தினேன். ஒப்பீட்டுக்குக் குத்திய வெறும் தண்ணீர்ப் பற்களிலும் ஐந்தில் மூன்று அழுகின. என் பழைய அடுக்கில் மிஞ்சிய பற்களை எடுத்ததுதான் காரணம். பார்க்க நன்றாக இருந்தவற்றின் உள்ளேயே கிருமி இருந்திருக்கிறது. தண்ணீரே அழுகவைத்தால் எந்த பாக்டீரியாவைக் குற்றம் சொல்வது? இன்னொரு மாதம் குப்பைக்குப் போனது. காலனியை அள்ளிக் குத்துவதும் தவறு. அவ்வளவு எண்ணிக்கையில் ஏற்றினால், வயலில் ஒன்றும் செய்யாத பாக்டீரியாவும் வில்லனாகிவிடும்.

இரண்டாம் தடவை வேறு வயலில் விளைந்த, அழுகலே காணாத பூண்டு வாங்கினேன். 40 பற்கள், பத்துப் பத்தாக நான்கு கூட்டம்: தண்ணீர், பெக்டோபாக்டீரியம், அழுகலிலிருந்து எடுத்த ஒளிரும் வகை, பொடியிலிருந்து நானே வளர்த்தெடுத்த ஒளிரும் வகை. எல்லாக் கரைசலையும் லேசாகக் கலங்கும் அளவுக்கு நீர்த்தேன். எந்தப் பெட்டி எது என்று எனக்கே தெரியக் கூடாதென்று வீட்டில் அம்மாவை எண் எழுதச் சொன்னேன். ஆறாம் நாள் திறந்தேன். தண்ணீர்ப் பெட்டியில் ஒன்றும் இல்லை. பொடிக் கூட்டத்தில் ஒரு பல்லில் குத்திய இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், அதற்குமேல் நகரவில்லை. பெக்டோபாக்டீரியம் நான்கு பல்லைக் கெடுத்திருந்தது. அழுகலிலிருந்து எடுத்த ஒளிரும் வகை பத்தில் ஒன்பது. அந்த ஒன்பதிலும் நீர்கோத்த பகுதியின் முகப்பில் அதே மஞ்சள் கோடு.

அதன் பிறகு விளையாட்டாக ஒன்று செய்தேன், அதுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசியது. இரண்டு தட்டுகளில் இரண்டு ஒளிரும் வகைகளையும் பரப்பி, நடுவில் பூண்டுச் சாற்றில் நனைத்த சிறு காகித வட்டம் ஒன்றை வைத்தேன். மறுநாள் பொடி வகையின் தட்டில் வட்டத்தைச் சுற்றி அகலமான வெற்றிடம். சாறு பட்ட இடமெல்லாம் செத்திருந்தது. அழுகல் வகையின் தட்டில் காகிதத்தின் விளிம்புவரை வளர்ந்து நின்றது. பூண்டில் வாழப் பழகிய சில சூடோமோனாஸ்களும், வெங்காயத்தைத் தாக்கும் பாண்டியா அனனாட்டிஸும் அல்லிசின் போன்ற பொருள்களைத் தாங்கும் மரபணுக்களை வைத்திருக்கின்றன என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, அந்த இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. பெயர் ஒன்று, பிழைப்பு வேறு. பிறகு வந்த ஜைரேஸ் பி வரிசையும் இரண்டையும் தனித்தனிக் கிளையில் வைத்தது.

இதையெல்லாம் வீட்டுச் சமையலறையில் செய்துபார்க்க வேண்டாம். பர்கோல்டேரியா செபாசியா போன்றவை நுரையீரல் நலிந்தவர்களுக்கு ஆபத்தானவை. எதை வளர்க்கிறோம் என்று தெரியாமல்தானே வளர்க்கத் தொடங்குகிறோம்? இரண்டு தம்ளர் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைக் கருவி உள்ள இடத்தில் விடுவது நல்லது. அனுப்பும்போது இரண்டு கேள்விகளை மட்டும் விடாமல் கேளுங்கள்: மாதிரியை அழுகலின் ஓரத்திலிருந்து எடுத்தீர்களா? எடுத்ததைப் பூண்டில் ஏற்றிப் பார்த்தீர்களா? இரண்டாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த அறிக்கை அங்கே இருந்தவர்களின் வருகைப் பதிவேடு மட்டும்தான்.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். அழுகிய பூண்டுக்கு மருந்தில்லை, ஆன்டிபயாடிக் தெளித்துக் காப்பாற்றலாம் என்பதும் வீண்செலவு. ஆனால் ஒளிரும் சூடோமோனாஸ் என்று தெரிந்ததும் ஒரு விஷயம் மாறியது. இந்தக் கூட்டம் குளிரிலும் வளரும். ஆகவே குளிரூட்டிய கிடங்கில் வைத்தால் சரியாகிவிடும் என்ற என் திட்டத்தைக் கைவிட்டு, ஈரத்தின் மேல் கை வைத்தேன். கடைசி இரண்டு வாரம் பாசனத்தை நிறுத்தினேன். தழைச்சத்தைப் பிந்திப் போடுவதை விட்டேன். மழை ஓய்ந்து மண் உலரும்வரை பிடுங்கவில்லை. கழுத்து சுருங்கி உலர்ந்த பிறகுதான் தாளை அறுத்தேன். பச்சைக் கழுத்தை அறுப்பது பாக்டீரியாவுக்கு வாசலைத் திறந்துவிடுவது. மூன்று வாரம் காற்றோட்டமாகப் பரப்பிக் காயவைத்து, அதன் பிறகே அடுக்கினேன். இந்த ஆண்டு தினமும் காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில் 11 பூண்டுகள் உள்வாங்கின. அதில் நான்கு, மெழுகுச் சிதைவு.

பொடியைத் திரும்ப வாங்கினேன். அதோடு வேலை முடியவில்லை, அவதூறு பரப்பிய இடத்துக்குப் போயாக வேண்டுமே. முதல் ஆளிடம் போனில் சொல்லிவிட்டேன். இரண்டாமவர் வயலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு தட்டுகளின் படத்தையும் காட்டி, அல்லிசினில் தொடங்கி ஜைரேஸ் பி வரை விளக்கி, "அண்ணே, நான் அன்று சொன்னது தவறு, பொடியை நீங்கள் மறுபடியும் பூசலாம்" என்றேன். அவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

"நான் எங்கே தம்பி நிறுத்தினேன்?" என்றார்.